சம்பந்திக்காக நானூறு சொற்கள்

மகளுக்கு வாய்த்தது வெளிநாட்டு மாப்பிள்ளை. அவருடைய அம்மா முதல் முறையாக வீட்டுக்கு வரப்போகிறார் என்றதும் தையல்காரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனில் சொல் அட்டைச் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டாள். அட்டையில் அவர்கள் மொழிச் சொல் வரும்; தட்டினால் தமிழில் அர்த்தம் வரும். தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துப் படித்தாள். அந்தக் கவனத்தில் ஒரு சட்டைக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள். இரண்டு மாதத்தில் நானூறு சொற்கள் தேறின.

சம்பந்தி வந்தார், கட்டியணைத்துக்கொண்டார், மடமடவென்று பேசினார். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. தையல்காரம்மா சிரித்துச் சமாளித்துவிட்டு சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள்.

"அவங்க ஊர்ப் பேச்சு அப்படிம்மா. எனக்கே பாதிதான் புரியும்" என்றாள் அங்கே காபி போட்டுக்கொண்டிருந்த மகள்.

"அப்போ நான் படிச்சதை யாருடி பேசுறாங்க?"

"செய்தி வாசிக்கிறவங்க."

உள்ளே நிற்கவும் முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு போய் சம்பந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அட்டையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். தலையசைத்துவிட்டு அதையே தன் ஊர் வழக்கில் நிதானமாகச் சொன்னார். இவள் திருப்பிச் சொன்னாள். அடுத்தது, அதற்கடுத்தது என்று போனது.

'மகள்' என்ற அட்டை வந்தபோது சம்பந்தி சமையலறைப் பக்கம் கைகாட்டினார். இவளும் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டே அங்கேதான் காட்டினாள்.

"என்னம்மா, கூப்பிட்டீங்களா?" என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

"இல்லடி, நாங்க படிச்சுட்டிருக்கோம்."