நோயாளிகள் தரப்பு கைதட்டியது

சுகாதாரச் சீர்திருத்தம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க நகர மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மக்கள் என்றால் தெருவில் போகிற மக்கள் இல்லை, தரம் பிரித்த மக்கள். டாக்டர்கள் தரப்பு, காப்பீட்டுக் கம்பெனி தரப்பு, மெஷின் விற்பவர் தரப்பு என்று மேசைக்கு மேசை அட்டை. தூணுக்குப் பின்னால் கடைசி மேசையில் 'நோயாளிகள் தரப்பு'.

அங்கே உட்கார்ந்திருந்த ஒரே ஆள் தையல்காரர். அவருக்கு நோய் கிடையாது, மனைவிக்குத்தான். இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டதால் ஊர் ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டத்தை அந்த நாளாகப் பார்த்து வைத்ததால் நோயாளிகள் எல்லாரும் மெஷினோடு படுத்திருந்தார்கள். குத்தின ஊசியோடு எழுந்து வரவா முடியும்?

"டெய்லரண்ணே, நம்ம வார்டை மூடிட்டு மெஷினையெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்களாம். பஸ்ஸுல அரை நாள் ஆகும். வேணாம்னு நறுக்குன்னு சொல்லிட்டு வாங்க" என்று பக்கத்துப் படுக்கை லாரி டிரைவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மனைவியின் கவலை வேறு. "வார்டு டிவியில காட்டுவாங்களாம். சட்டையை மாத்திட்டுப் போங்க. ஊருக்கே தைக்கிறவர் கிழிஞ்ச காலரோட நின்னா நல்லாவா இருக்கும்?"

தலைவர் எழுந்தார். "இது வெறும் சீர்திருத்தம் அல்ல, இதயங்களின் மறுமலர்ச்சி" என்றார். கிட்னிக்கும் ஏதாவது பார்த்துச் செய்தால் தேவலை என்று தையல்காரருக்குத் தோன்றியது. ஆனால் மண்டபமே தட்டும்போது கையைக் கட்டிக்கொண்டிருந்தால் மரியாதையா? தட்டினார். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தரம் உயரும் என்றார் டாக்டர். அதற்கும் தட்டினார். நோயாளிகள் எங்கள் குடும்பம் என்றார் காப்பீட்டுக்காரர். குடும்பத்தில் யாரும் பஸ் ஏறாதவர்கள் போலிருக்கிறது. அவருக்கும் தட்டினார்.

சாப்பாட்டு வாசனை வந்த பிறகு இவர் முறை வந்தது.

"ஐயா, மெஷினை விட்டு எறங்கினா வீடு வரைக்கும் நடக்கவே அவளுக்குத் தெம்பிருக்காது. பஸ்ஸுல எப்படிங்க போவா? வார்டை மூடாதீங்க."

அன்றைக்கே பலத்த கைதட்டல் அதற்குத்தான். மெஷின் விற்பவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"நெஞ்சைத் தொட்டுட்டீங்க" என்றார் தலைவர். "எல்லாத் தரப்பும் கைதட்டி வரவேற்றதால திட்டம் நிறைவேறுது."

தையல்காரர் செயலாளரிடம் ஓடினார். "நான் வேணாம்னுல்ல சொன்னேன்?"

"அது உங்க சொந்தக் கருத்துங்க. தரப்போட கருத்துன்னா, ஒவ்வொரு பேச்சுக்கும் தட்டினீங்களே, அது. கேமராவுல இருக்கு."

வார்டுக்குத் திரும்பினால் லாரி டிரைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி மட்டும் பேசினாள்.

"சட்டை நல்லா எடுப்பா இருந்துச்சு." காலரை நீவிவிட்டு, "எதுக்குங்க தட்டினீங்க?"

"எல்லாரும் தட்டினாங்க."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வார்டு மூடியது. முதலில் மூன்று நாளும் பஸ்ஸில் போனாள். பிறகு இரண்டு நாள். பிறகு "அடுத்த வாரம் பாத்துக்கலாங்க" என்றாள். லாரி டிரைவர் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். மழைக்காலத்துக்குள் அவளும் போய்விட்டாள்.

சீர்திருத்தத்தின் வெற்றி விழாவுக்குத் தையல்காரரைக் காரில் வந்து கூப்பிட்டார்கள். போனார். இந்தத் தடவை தட்டாமல் இருப்பதற்காகவே போனார். அதே தூண், அதே அட்டை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். தலைவர் பேசினார், டாக்டர் பேசினார், காப்பீட்டுக்காரர் குடும்பத்தை மறுபடி நினைவுகூர்ந்தார். கை அசையவில்லை.

கடைசியில் தலைவர் தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தார். "நோயாளிகள் தரப்பு ஏதாவது சொல்றீங்களா?"

தையல்காரர் பேசாமல் அவரையே பார்த்தார். சொல்ல வேண்டியதைப் போன தடவையே சொல்லியாகிவிட்டது. அதற்கும்தானே தட்டினார்கள்.

"ஆட்சேபனை இல்லைன்னு எழுதிக்குங்க" என்றார் தலைவர்.

மண்டபம் கைதட்டியது.