கடலில் திறந்த ஒரே பக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கொசு. காதருகே வந்து ஒரே விஷயத்தை விடாமல் ரீங்காரம் போடுவதால் வந்த பெயர். "இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு மெதுவா திறக்குது?" என்பதுதான் அந்த விஷயம். அப்படிக் கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. வங்கிகளும் கடைகளும் விமான நிறுவனங்களும் தங்கள் இணையதளங்களைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைக்கும். எந்தப் படம் வெட்டியாகக் கனக்கிறது, எந்த நிரல் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று பிரித்து மேய்ந்து சொல்வாள். அவள் சொல்கிற விதத்தில் பாதிப் பேருக்கு முகம் சுண்டிப்போகும். அதற்கெல்லாம் அவள் கவலைப்பட்டதில்லை.

பகலில் ஊரார் தளங்களைத் திட்டித் தீராத மிச்சத்தைச் சொந்த வலைப்பூவில் கொட்டுவாள். அதில் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. வெள்ளையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். உள்ளே நுழைந்ததும் "எங்கள் செயலியை இறக்குங்கள்" என்று வழிமறிக்கும் தளங்கள், அவசர வேலையின் நடுவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளக் கிளம்பும் கணினிகள், ஒரு விளக்கை அணைக்கக் கைப்பேசியைத் தேடவைக்கும் புத்திசாலி பல்புகள், ஒன்றும் அவளிடம் தப்பாது. ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு தொலைக்காட்சித் தொடர்.

அந்தத் தொடர் என்றால் அவள் கணவருக்கு உயிர். கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவர் வராந்தாவில் வரும் சத்தம் கேட்டாலே வகுப்பு கப்சிப் என்று அடங்கிவிடுமாம். அதே மனிதர் சனிக்கிழமை காலை புதிய பகுதி வந்ததும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். மலைச்சாலை ஓரம் லாட்ஜ் நடத்தும் ஓர் அக்காவின் கதை அது. அவளுடைய தம்பி சின்ன வயதில் கோபித்துக்கொண்டு ஓடிப்போனவன். அவன் இருந்த அறையை அக்கா யாருக்கும் விடுவதில்லை. லாட்ஜ் நிரம்பி வழிந்தாலும் அந்த அறை பூட்டியே கிடக்கும்.

"ஒரு ரூமை வருஷக்கணக்கா பூட்டி வச்சா லாட்ஜ் எப்படிங்க நடக்கும்?" என்பாள் கொசு.

"கொஞ்சம் சும்மா இரு. அவ ஏதோ சொல்ல வர்றா."

"எங்க சொல்றா? வந்ததுலேர்ந்து ஜன்னலைத்தான் பாத்துட்டு நிக்கறா."

"அதுதாம்மா சொல்றது" என்பார் வாத்தியார்.

திட்டுவதிலும் அவளுக்கு ஒரு நேர்மை உண்டு. ஒன்றைக் குறை சொல்வதற்கு முன்னால் அது செய்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும். தொழிலில் வந்த பழக்கம். அதனால் வாராவாரம் யார் எந்த வாசல் வழியாக வந்தார், எங்கே நின்றார், என்ன பேசினார், வெளியே மழையா வெயிலா என்று காட்சி காட்சியாக எழுதுவாள். எழுதி முடித்த பிறகு அடி விழும். அக்காவுக்கு, தம்பிக்கு, கதை எழுதியவனுக்கு, பின்னணி வயலினுக்கு என்று பாரபட்சம் பார்க்காமல் விழும்.

வாசகர் கூட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. கணவர் படிப்பார், அதுவும் சண்டை போடுவதற்காக. அலுவலகத் தோழி ஒருத்தி படிப்பாள். அப்புறம் ஓர் இயந்திரம்.

இயந்திரம் என்றுதான் அவள் முடிவு கட்டியிருந்தாள். யார் வந்து எதைத் திறந்தார்கள் என்று தளத்தின் வருகைப் பதிவில் வரிவரியாக இருக்கும். அதைப் பார்ப்பது அவளுக்குப் பேப்பர் படிப்பது போல. தொடர் பற்றி அவள் எழுதி வெளியிட்டாலே போதும், எங்கிருந்தோ ஒன்று வந்துவிடும். பக்கத்தில் கொஞ்சம் எடுக்கும், அறுந்துபோகும். விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுக்கும், மறுபடி அறுந்துபோகும். அலுக்காமல் சளைக்காமல் மணிக்கணக்காக இதையே செய்யும். எந்த மனிதனுக்கு இவ்வளவு பொறுமை இருக்கப்போகிறது? போதாததற்கு, ஒரு வாரம் ஒரு நாட்டின் பெயரைக் காட்டும், இன்னொரு வாரம் வேறொரு நாடு. யாரோ ஒருவன் அவள் எழுத்தைத் திருடித் தன் தளத்தில் போடுவதற்கு ஏவிவிட்ட நிரல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தம்பி பல வருஷம் கழித்து லாட்ஜ் கதவைத் தட்டிய வாரம், அந்த இயந்திரம் பக்கத்தில் பாதிதான் எடுத்திருந்தது. அவள் அதற்குக் கதவைச் சாத்திவிட்டாள். இனி எத்தனை தடவை கேட்டாலும் ஒரு எழுத்துகூடக் கிடைக்காது. "ஒழிஞ்சது சனியன்" என்று தோழியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதிய உணவு வேளையில் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. வலைப்பூவின் அடியில் குறை சொல்ல விரும்புகிறவர்களுக்காக அவளே கொடுத்திருந்த எண். இதுவரை யாரும் அழைத்ததில்லை.

"மேடம், நான் மருந்துக்கடையில வேலை பாக்கறேன்" என்றது ஒரு பெண் குரல். "அந்த லாட்ஜ் சீரியலைத் திட்டி எழுதறவங்க நீங்கதானே?"

ரசிகை போலிருக்கிறது, சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று கொசு சாப்பாட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். "ஆமா, நான்தான். சொல்லுங்க."

"உங்க பக்கத்துக்கு என்ன ஆச்சு? எனக்கு இங்க நல்லாத்தான் திறக்குது. எங்க வீட்டுக்காரருக்குத் திறக்கல. அவரு சரக்குக் கப்பல்ல எலெக்ட்ரீஷியன். இப்ப நடுக்கடல்ல இருக்காரு. நேத்து கப்பல் போன்ல ரெண்டு நிமிஷம் பேசக் கிடைச்சுது. என்னை எப்படி இருக்கேன்னுகூடக் கேக்கல மேடம். அந்தப் பக்கத்துக்கு என்ன ஆச்சுன்னு பாருன்னுதான் சொன்னாரு."

கொசு தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரி சொல்லிக்கொண்டே போனாள். கப்பலில் இணையம் என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதையும் மொத்தக் கப்பலும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். எதைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். செய்தி திறக்காது, பாட்டு திறக்காது, வீடியோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஏதோ தேடப்போய் இந்த ஒரு பக்கம் திறந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் ஒரு சின்ன நிரல் எழுதிக் கப்பலில் கிடந்த பழைய கணினியில் ஓடவிட்டுவிட்டார். அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து மறுபடி கேட்கும். சில வாரம் முழுசாகச் சேர்வதற்குள் பொழுதே சாய்ந்துவிடும். சேர்ந்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சத்தமாக வாசிப்பார். அங்கே பல தேசத்து ஆட்கள். தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் காட்சி காட்சியாக மாற்றிச் சொல்வார்.

"அவங்க யாருமே அந்த சீரியலைப் பாத்ததில்லையா?" என்றாள் கொசு.

"ஒரு சீன்கூடப் பாத்ததில்லை மேடம். நீங்க எழுதறதுதான் அவங்களுக்கு சீரியல். அக்கா எப்படி இருப்பான்னு ஆளாளுக்கு ஒரு முகம் வச்சிருக்காங்களாம். நீங்க அவளைத் திட்டினா சமையல்காரர் உங்களைத் திட்டுவாராம். இன்ஜின் ரூம்காரங்க எல்லாம் உங்க கட்சியாம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்குக் கடைசிப் பகுதின்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை கப்பல் கரைக்கு வந்துடும். அதோட ஒப்பந்தம் முடியுது, அவங்கவங்க அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க. நாளைக்கு ராத்திரி சாப்பாடுதான் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற கடைசி சாப்பாடு. தம்பி கதவைத் தட்டின இடத்துல நிக்கறாங்க மேடம். உள்ள விட்டாளா இல்லையான்னுகூடத் தெரியாது."

"என்னாலதான்" என்றாள் கொசு. "நான்தான் அடைச்சேன். இப்பவே திறந்துடறேன்மா."

திறந்துவிட்டு இருக்கையில் உட்கார்ந்து பழைய வருகைப் பதிவுகளை எடுத்தாள். அதே வரிகள்தான். எடுத்தது, அறுந்தது, மறுபடி எடுத்தது. நேற்றுவரை திருடனாகத் தெரிந்தது இன்று வேறாகத் தெரிந்தது. இங்கே அறுந்தது ஒரு பெரிய அலையாக இருக்கும். இந்த நீண்ட இடைவெளி மழையாக இருக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எண்ணெய்க் கையோடு யாரோ ஒருவன் வந்து கணினியை எட்டிப்பார்த்து, "வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பான். வேகம், வேகம் என்று இத்தனை வருஷம் அவள் கத்திக்கொண்டிருந்தது ஒருவர் இரண்டு நொடி காத்திருப்பதைத் தாங்க முடியாமல்தான். இங்கே ஒரு கப்பலே நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறது, அவள் வம்புப் பேச்சைக் கேட்பதற்காக. தோழியைக் கூப்பிட்டுக் காட்டினாள். எப்போதும் கேலி பேசும் தோழியும் குனிந்து அந்த வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிவில் புது வரி ஒன்று வந்தது. பாதியில் நின்ற பக்கத்தை விட்ட இடத்திலிருந்து கேட்டது. உலகத்தின் ஏதோ ஒரு தண்ணீர்ப் பரப்பிலிருந்து, வானத்துச் செயற்கைக்கோளுக்குப் போய், ஏதோ ஒரு நாட்டில் பூமிக்கு இறங்கி, அவள் மேசைக்கு வந்திருந்தது. இந்த வழியெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். ஆனால் நம்ப முடியாமல் வாய்பிளந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலை சோபாவில் கணவருக்குப் பக்கத்தில் அவளும் காலை மடக்கி உட்கார்ந்தாள். கப்பல் விஷயத்தை அவள் முந்தின ராத்திரியே சொல்லியிருந்தாலும் வாத்தியார் சந்தேகத்தோடு பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு வாயே திறக்கல?"

"கப்பல் கேக்குதுங்க. நீங்க பேசாம இருங்க."

தம்பியை அக்கா உள்ளே விட்டாள். ஆனால் அவன் தன்னை யாரென்று சொல்லவில்லை. வழிப்போக்கனைப் போல, "தங்க ஒரு ரூம் கிடைக்குமா?" என்று கேட்டான். மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, கண்ணீர்கூட இல்லை. வெகுநேரம் அந்த முகம் மட்டும்தான் திரையில் இருந்தது. பிறகு பூட்டியே கிடந்த அறையின் சாவியை எடுத்து மேசைமேல் அவன் பக்கமாக நகர்த்தினாள். அவன் அதை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். தொடர் முடிந்தது.

வாத்தியார் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். கொசு கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை எப்படி எழுதுவது?

"ஏங்க, அவ என்ன நினைச்சா அப்ப?"

"எனக்கென்ன தெரியும்? இளைச்சுட்டானேன்னு நினைச்சிருப்பா" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அதை அப்படியே எழுதினாள். மத்தியானம் முழுவதும் எழுதினாள். மழை, கதவு, அவன் செருப்பிலிருந்த சேறு, சாவி மேசையில் உரசிய சத்தம் வரை எழுதினாள். பிறகு எடையைக் குறைக்க உட்கார்ந்தாள். இன்று கப்பலுக்கு நேரம் கிடையாது, சாப்பாட்டுக்குள் போய்ச் சேர வேண்டும். மேலே இருந்த வலைப்பூவின் பெயரை எடுத்தாள். தன்னைப் பற்றிய அறிமுகத்தை எடுத்தாள். பழைய கட்டுரைகளுக்கான சுட்டிகளை எடுத்தாள். கடைசியில் எழுதப் பாக்கி இருந்தது அவளுடைய திட்டு. அதற்கென்று ஒரு வரியும் எழுதவில்லை. கடலில் காத்திருப்பவர்களுக்கு அவள் அபிப்பிராயம் எதற்கு? சுமைதான் அது. கதை போனால் போதும் என்று வெளியிட்டாள்.

கப்பல் வந்தது. கொஞ்சம் எடுத்தது, அறுந்தது, மறுபடி எடுத்தது. வாத்தியாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்களைத் தவிர ஒன்றுமில்லாத அந்தத் திரையை இருவரும் தொடரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நடுவில் வெகுநேரம் ஒன்றும் வராதபோது வாத்தியார் எழுந்து நடந்தார். வெளியே வெயில் இறங்கும் நேரத்தில் கடைசித் துண்டும் போய்ச் சேர்ந்தது.

"போயிடுச்சுங்க" என்றாள்.

நன்றாக இருட்டும் வரை வேறெதுவும் இல்லை. பிறகு பக்கத்தின் அடியில் கருத்துப் பெட்டியில் ஒரு குறிப்பு வந்து விழுந்தது. கப்பலிலிருந்து எடுப்பதே பாடு, அனுப்புவது அதைவிடப் பாடு என்று அவளுக்குத் தெரியும்.

"கதை முழுசாகக் கிடைத்தது. சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டார். ஆனால் நீங்கள் திட்டும் பகுதி வரவில்லை. வழியில் அறுந்துவிட்டது என்று நினைக்கிறோம். தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள். யாரும் இன்னும் எழுந்து போகவில்லை."

கொசு அதைப் படித்தாள். கணவர் படித்தார். அவர் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எதைங்க திட்டறது? ஒண்ணுமே தோணல எனக்கு."

"உனக்கா தோணல? ஆரம்பி, தானா வரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு செய்யத் தொடங்கினாள். "இவளெல்லாம் ஒரு அக்காவா? மழையில் நனைந்து வந்தவனுக்குத் தலை துவட்ட ஒரு துண்டு கொடுக்கத் தோன்றவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றவில்லை..." எழுத்து மங்கியது. மறுபடி துடைத்துக்கொண்டு எழுதினாள். பக்கத்துத் திரையில் கப்பல் நொடிக்கொரு தரம் வந்து கேட்டுக்கொண்டே இருந்தது.