செல்வினின் இடது கை

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குணாளன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான், பேஸ் கிட்டார் தொந்தியின் மேல் சாய்ந்திருக்கிறது, காதில் ஹெட்போன், அதற்குள் செல்வினின் டிரம்ஸ் ஓடுகிறது, செல்வின் திங்கட்கிழமையே வந்து வாசித்துவிட்டுப் போய்விட்டான், ஒரே நாளில் வரமாட்டோம் என்று சொல்லித்தான் இருவரும் என் ஆல்பத்துக்கு ஒப்புக்கொண்டார்கள், பத்தொன்பது வருடம் கழித்து சாலிகிராமத்தின் இந்தச் சின்ன ஸ்டுடியோவில் எங்கள் இசைக்குழு ஆள்மாற்றி ஆள்மாற்றி ஒன்றுசேர்கிறது, மூன்று பேரும் ஒரே அறையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை, ஆல்பமெல்லாம் ஒரு சாக்கு.

அப்போது பெரம்பூரில் செல்வின் வீட்டு மொட்டைமாடியில் பதினொரு நிமிடப் பாட்டுகள் கட்டுகிறோம், நடுவில் தாளம் மூன்று முறை மாறும், கல்யாணத்துக்கும் ஆகாது கருமாதிக்கும் ஆகாது என்று செல்வினின் அப்பா தலையில் அடித்துக்கொள்கிறார், நாங்கள் சிரிக்கிறோம், பிறகு ஒரு ஆடியோ கம்பெனி என்னை மட்டும் பாடக் கூப்பிட்டது, இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டேன், இவன் போறது உனக்கு முன்னாடியே தெரியும்தானே என்று குணாளன் செல்வினைக் கேட்டான், செல்வின் அதையே திருப்பிக் கேட்டான், அவர்கள் இருவருக்கும் பேச்சு நின்றது, வேடிக்கையைப் பாருங்கள், என்னை மன்னித்துவிட்டார்கள், ஒருவரையொருவர் மன்னிக்கவில்லை.

குணாளன் சட்டென்று நிறுத்துகிறான், செல்வின் இடது கைக்கு என்னடா ஆச்சு என்கிறான், திங்கட்கிழமை முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தும் எனக்கு வித்தியாசமாக ஒன்றும் கேட்கவில்லையே, ஒண்ணுமில்லடா என்கிறேன், இல்ல, அந்தக் கை ஒவ்வொரு தடவையும் லேட்டா விழுது, செல்வின் இப்படி வாசிக்கிறவன் கிடையாது. சவுண்ட் என்ஜினீயர் பர்வீன் மைக்கில், கம்ப்யூட்டர்ல இழுத்து நேராக்கிடலாம் சார் என்றாள், தொடாதீங்கம்மா என்றான் குணாளன், மறுபடி வாசித்தான், ஒவ்வொரு சுரத்தையும் அந்தக் கை வந்து சேரும்வரை பிடித்துவைத்து, அது விழும்போதுதான் விட்டான், வாசித்து முடித்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் பெரம்பூருக்கு ஆட்டோ பிடித்தான்.

மறுநாள் செல்வினுக்கு போன் போட்டால் குணாளன் எடுக்கிறான், போன வருஷமே பக்கவாதம் வந்திருக்குடா இவனுக்கு, உன்கிட்டகூட சொல்லலயாம், பின்னால் செல்வின் எதற்கோ சிரிக்கிறான், அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன், நாளைக்கு நான் பாடுறேன், ரெண்டு பேரும் வந்து கூட நில்லுங்கடா என்று கெஞ்சினேன், எங்க பங்குதான் முடிஞ்சுதே மச்சான், நீ பாடிடு என்றான் குணாளன், அவன் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது கண்ணாடிக்குள் நான் நிற்கிறேன், வெளியே பர்வீன் மட்டும், காதில் அவர்கள் இருவரும் ஒன்றாக வருகிறார்கள், நான் பாடுகிறேன், ஏழாவது முறை, பர்வீன் நிறுத்துகிறாள், தயங்கித் தயங்கிச் சொல்கிறாள், அவங்க ரெண்டு பேரும் சரியா சேர்ந்துதான் வராங்க சார், நீங்க மட்டும் முந்திடுறீங்க, இன்னொரு தடவை போலாமா. போலாம் என்கிறேன்.