தேய்க்காத பம்பர்

பட்டறையில் தார்ப்பாயைத் தூக்கிய பெயிண்டர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். உள்ளே கிடந்தது மிருக டாக்டரம்மாவின் ஜீப் பம்பர். சேறும் அங்கங்கே துருவுமாக இருந்த அதை யாரும் இன்னும் தொடவே இல்லை. அப்படியானால் காலையிலிருந்து அவர் பார்த்துப் பார்த்துக் கறுப்பு அடித்துக் கம்பியில் காயவிட்டிருப்பது யாருடையது?

மாமனாருடையது.

இந்த இடத்தில் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லாரி ஓட்டி ஓய்ந்தவர். மனிதர்களிடம் காட்டாத பாசத்தையெல்லாம் ஒரு பழைய ஜீப்பிடம் காட்டுகிறவர். பம்பர், முன்விளக்கு வளையம், பக்கக் கண்ணாடி என்று குரோம் உள்ள இடத்தையெல்லாம் தினமும் துடைத்து, அதில் பார்த்தே முகச்சவரம் செய்துகொள்ளலாம் என்கிற அளவுக்கு வைத்திருந்தார். மகள் ஒரு பெயிண்டரை விரும்புகிறாள் என்று தெரிந்தபோது, "பூசி மெழுகுறதுதான் அவன் தொழிலே. ஓட்டையை அடைச்சு, மேல கலர் அடிச்சு, அடுத்தவன் தலையில கட்டுறவனுக்கு எம் பொண்ணா?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் கல்யாணத்துக்கும் வரவில்லை. அப்புறம் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது.

போன மாதம் ஒரு துக்க வீட்டில் அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார நேர்ந்தது. செத்தவருக்காக அழுகிற சாக்கில் இரண்டு பேரும் தங்களுக்காக அழுதார்கள். மறுவாரமே ஜீப் பட்டறைக்கு வந்துவிட்டது. கதவில் ஒரு நசுங்கலாம்.

அன்றைக்கும் அவர் மருமகனிடம் நேராகப் பேசவில்லை. எதிரே மனிதர் குத்துக்கல் மாதிரி நிற்க, "கதவை மட்டும் பார்த்தாப் போதும்னு சொல்லு. குரோம்ல ஒரு பொட்டு பெயிண்ட் படக் கூடாதுன்னு சொல்லு" என்று மகளிடம் சொன்னார். அவளும் பக்கத்தில் நின்ற புருஷனிடம் திரும்பி அதையே ஒப்பித்தாள். ஆனால் அன்று ராத்திரி அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். கல்யாணமான நாளிலிருந்து பெயிண்டர் அதைக் கேட்டதில்லை.

அதே வாரம், அதே மாடலில், டாக்டரம்மாவின் ஜீப்பும் வந்தது. மலைப்பக்கம் போய் மான்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். "வெயில்ல பம்பர் மின்னினாப் போதும், நான் இறங்குறதுக்குள்ள எல்லாம் ஓடிப் போயிடுது. பளபளன்னு இருக்கிற எல்லாத்துக்கும் கறுப்பு அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஜீப் மின்னக் கூடாது, இன்னொரு ஜீப் மின்னாமல் இருக்கக் கூடாது.

டாக்டரம்மாவுடையதில் கறுப்பு அடிக்க, மாமனாருடையதில் பெயிண்ட் தெறிக்காமல் இருக்க, இரண்டிலும் குரோமைக் கழற்றி வைத்தவர் பெயிண்டரின் அண்ணன். பட்டறை தம்பியுடையதுதான், ஆனால் அண்ணன் அண்ணன்தானே. வேலை சொல்லலாம், அதட்ட முடியாது. டாக்டரம்மாவுடையதை மூலையிலும், மாமனாருடையதைத் தார்ப்பாய்க்குள்ளும் வைக்கும்படி பெயிண்டர் சொல்லியிருந்தார். அண்ணனும் அப்படித்தான் வைத்தார். பிறகு, தம்பியின் மாமனார் வருகிறாரே, நாலு பேர் மதிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று வாழ்நாளில் முதல் தடவையாக விளக்குமாற்றை எடுத்துப் பட்டறையைக் கூட்டினார். கூட்டுவதற்காக நகர்த்திய இரண்டு ஜீப்பின் குரோமையும் இடம் மாற்றி வைத்துவிட்டார். அந்த மனிதருக்குச் சுறுசுறுப்பு வந்ததே ஒரு நாள், அதுவும் இப்படியா வர வேண்டும்!

இதில் இன்னொரு சங்கடம். குரோம் மேல் பெயிண்ட் சும்மா ஒட்டாது. உப்புத்தாள் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து, மினுமினுப்பைச் சாகடித்து, சொரசொரப்பாக்கிய பிறகுதான் பிரைமர் என்கிற அடிப்பூச்சை அடிக்க வேண்டும். அந்த இரண்டும் நேற்று அண்ணனிடம் விட்ட வேலை. காலையில் எல்லாம் சாம்பல் நிறத்தில் தயாராகத் தொங்கியதால் பெயிண்டர் கறுப்பை மட்டும் அடித்தார். கறுப்பை எடுத்துவிடலாம். தேய்ந்த குரோம் தேய்ந்ததுதான். சாயங்காலம் ஜீப்பை எடுக்க மகளோடு மாமனார் வருகிறார்.

"அண்ணே, நேத்து நல்லாத் தேச்சீங்களா?"

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "என்னடா கேள்வி இது? கை கழண்டு போற அளவுக்குத் தேச்சிருக்கேன். தோள்பட்டை இன்னும் வலிக்குது."

பெயிண்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது.

"அது மாமாவோட பம்பர்ணே."

"பளபளன்னு இருக்கறதுக்குத்தானே டாக்டரம்மா அடிக்கச் சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் தார்ப்பாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அவகிட்ட நான் என்னண்ணே சொல்லுவேன்? அப்பா திரும்பக் கிடைச்சிட்டார்னு இருக்கா." பெயிண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டினார். பிறகு பக்கத்தில் வந்து குந்தினார்.

"டேய், அழாதடா. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் தேய்க்கலை."

துண்டு இறங்கியது. "என்னது?"

"ஒரு இழுப்புக்கூட இழுக்கலைடா. தூக்கம் கண்ணைச் சுத்துச்சு. அப்படியே பிரைமரை அடிச்சிட்டுப் படுத்துட்டேன்."

பெயிண்டர் பாய்ந்து போய் விளக்கு வளையத்தின் ஓரத்தில் நகத்தை விட்டார். பெயிண்டும் பிரைமரும் சேர்ந்து வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தன. அடியில் குரோம் ஒரு கீறல் இல்லாமல் பளீரென்றது. போன உயிர் திரும்பி வந்தது. அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்க சோம்பேறித்தனம் நூறு வருஷம் நல்லா இருக்கணும்ணே!" என்று கத்தினார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வளையங்களும் கண்ணாடியும் உரிந்து முடிந்து, பம்பரில் பாதி வந்தபோது வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அண்ணன் தார்ப்பாயை இழுத்தார். "மூடுடா. கதவைக் காட்டிப் பேச்சுக் குடு, நான் பின்னால கொண்டு போய் உரிச்சிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் பூசி மெழுகுகிறவன் என்ற அந்தப் பழைய சொல் பெயிண்டருக்குச் சுருக்கென்று தைத்தது. தார்ப்பாயை அண்ணன் கையிலிருந்து வாங்கிக் கீழே போட்டுவிட்டு வாசலுக்குப் போனார்.

"மாமா, ஒரு தப்பு நடந்து போச்சு" என்று ஆரம்பித்து, விளக்குமாறு முதல் பிரைமர் வரை ஒன்று விடாமல் சொன்னார். மனைவி முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

கிழவர் இருவரையும் தாண்டி உள்ளே நுழைந்தார். நேரே பம்பரிடம் போனார். மூக்குக் கண்ணாடியை மாட்டி, உரிந்த பாதியைத் தடவினார், கறுத்த பாதியைத் தட்டினார். பிறகு ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தார். ஒரு முழ நீளத்துக்கு அறுபடாமல் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இன்னொன்று இழுத்தார்.

"தேய்க்காம விட்ட புண்ணியவான் யாரு?"

அண்ணன் கையைப் பாதி தூக்கினார்.

"டாக்டரம்மா வண்டியையாவது ஒழுங்காத் தேய்ங்க" என்றார் கிழவர். மீசை துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. அப்புறம் தலையைத் தூக்காமலே, "குனிஞ்சு இடுப்பு வலிக்குது. மீதியை நானே உரிக்கறேன், உட்கார ஒரு ஸ்டூல் குடுங்க மாப்பிள்ளை" என்றார்.

மகள் வழக்கப்படி புருஷனிடம் சொல்லத் திரும்பினாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் அதற்குள் ஸ்டூல் எடுக்க ஓடியிருந்தார்.