விரலை எடுத்தால் இறங்கும் குரல்

கணினித் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரோ ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நின்றது. ஏறவும் இறங்கவும் அதற்குக் கற்பித்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று வினோதா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பாமலேயே கேட்டாள்.

"காலையில இத யாரு போட்டது?"

ஆனந்தராஜ் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முத்தியால்பேட்டையில் அவர்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்டூடியோ. படம் பிடிப்பவன் அவன்; வெட்டி ஒட்டி ஒலி சேர்ப்பவள் அவன் மனைவி வினோதா. மூன்றாவது ஆளின்மேல் பழி போட அந்த அறையில் வழியில்லை.

"நாந்தான். நீ பாப்பாவ ஸ்கூல்ல விடப் போனப்ப. நலங்குப் பாட்டு எப்படி வந்திருக்குன்னு கேக்கலாம்னு..."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒரே பம்பைச் சத்தம். சரி, நீ இன்னும் முடிக்கல போலன்னு மூடிட்டேன். சேவ் பண்ணவான்னு கேட்டுச்சு. பண்ணுன்னேன்."

"ரொம்பப் பொறுப்புதான்."

அவ்வளவே சொன்னாள். திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் அஞ்சலாட்சியம்மாளின் மகள் அன்புசெல்வியின் திருமணம் அது. நலங்கின்போது பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையைக் கேலி செய்து பாடுவதும், அது காதில் விழாதபடி மாப்பிள்ளை வீட்டார் பம்பைக்காரர்களை ஏவிவிடுவதும் அவ்விரு குடும்பங்களுக்கும் வழிவழியாக வந்த விளையாட்டு. அன்று அஞ்சலாட்சியம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை. பம்பை சற்று ஓய்ந்த இடமெல்லாம் பார்த்துப் பாட்டை நுழைத்தார். பந்தலே குலுங்கிச் சிரித்தது. அதன்பின் சில மாதங்களுக்குள் தொண்டையில் நோய் கண்டு, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. ஆஸ்பத்திரி அலைச்சலில் கல்யாண வீடியோவை யாரும் கேட்கவுமில்லை. இப்போது தேடிப் பார்த்தால், அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கும் குரலை யார்தாம் எடுத்துவைத்துக்கொள்வார்கள்?

கேமராவில் பதிந்த ஒலியில் பம்பையே நிறைந்திருந்தது. பெண்கள் அமர்ந்த பாயருகே ஆனந்தராஜ் வைத்திருந்த சிறு ரெக்கார்டரில் மட்டும் குரல் தெளிவாக விழுந்திருந்தது. இரண்டையும் வினோதா ஒரே ஃபேடரில் கோத்திருந்தாள்: ரெக்கார்டரின் குரல் ஏறினால் கேமராவின் பம்பை இறங்கும், குரல் இறங்கினால் பம்பை ஏறும். அந்த ஃபேடரைப் பாட்டு வரும்போது ஏற்றி, வரி முடிந்ததும் இறக்க வேண்டும். ஒரு கணம் முந்தி இறக்கினால் பம்பை இடிக்கும். பிந்தி ஏற்றினால் முதற்சொல் விழுங்கப்படும்.

இதில் அந்த மென்பொருளின் குணம் வேறு குறுக்கே நின்றது. 'டச்' என்னும் முறையில், விரல் அழுத்தியிருக்கும்வரை ஃபேடர் சொன்னபடி கேட்கும். விரலை எடுத்த மாத்திரத்தில் பழைய இடத்திற்கே வழுக்கிவிடும். "மூக்கச் சொறிஞ்சா பம்பக்காரன் வந்துடறான்" என்று வினோதா அலுத்துக்கொண்டு, 'ரைட்' முறைக்கு மாறினாள். அது விட்ட இடத்தில் நின்றது. ஆயினும் அதற்கொரு வஞ்சகம் உண்டு: யாரும் தொடாமல் பாட்டை ஓடவிட்டாலே, ஃபேடர் அப்போது நிற்கும் நிலையைப் பழையதன்மேல் எழுதிக்கொண்டே போகும். நேற்று வேலையை முடித்தவள் அம்முறையை மாற்ற மறந்திருந்தாள். இன்று காலை ஆனந்தராஜ் அவள் கைவேலையை ரசிக்க உட்கார்ந்து, கேட்டதனாலேயே அதை அழித்திருந்தான். இடம் போதவில்லையென்று தானாகப் பிரதியெடுக்கும் வசதியை முன்பே நிறுத்திவைத்தவனும் அவனே.

"அந்தம்மாவ இன்னொரு நாள் வரச் சொல்லவா?" என்றான்.

"நாளைக்கு அன்பு புருஷனோட ஊருக்குக் கெளம்புது. அம்மாவும் மவளும் சேந்து கேக்கணும்னுதான இன்னைக்கி வராங்க."

"அப்ப ஏத்தற எறக்கற எடத்துல மட்டும் புள்ளி புள்ளியா வச்சிடேன். சீக்கிரம் ஆவும்."

"புள்ளி வச்சா கொரலு படிக்கட்டு ஏறுறாப்புல வருது. அந்தம்மா படிக்கட்டு ஏறிக்கிட்டா பாடுச்சு?"

நேற்றுவரை அவள் அந்தப் பாட்டோடு மூச்சைப் பிடித்தும் விட்டும் அமர்ந்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். தான் பாடாத பாட்டிற்குத் தன் நெஞ்சை ஏற்றி இறக்கியவள் அவள். ஏதேனும் பேசினால் அதையும் கெடுத்துவிடுவோம் என்றெண்ணி, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

வாசற்கதவில் டொக்கென்று ஒலி கேட்டது. அஞ்சலாட்சியம்மாள்தாம். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி. கையில் நெத்திலிப் பொட்டலம். இப்போதெல்லாம் மீன் விற்கவும் இப்படித்தான் மோதிரமிட்ட விரலால் கூடையைத் தட்டி அழைக்கிறார் என்று, பின்னால் வந்த அன்புசெல்வி சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு ஒண்ணு சொல்லி அனுப்பிச்சாருண்ணா. கல்யாணம் முழுக்கப் போடுங்க, அந்தப் பாட்ட மட்டும் வெட்டிடுங்கன்னாரு!"

அஞ்சலாட்சியம்மாளின் தோள்கள் ஓசையின்றிக் குலுங்கின. ஆனந்தராஜால் சிரிக்க முடியவில்லை.

"யக்கா, செஞ்சு வச்சிருந்தது காலையில அழிஞ்சிடுச்சு" என்றாள் வினோதா. யாரால் என்று சொல்லவில்லை. "ஒங்க முன்னாடியே திரும்பச் செய்யப்போறேன். செத்த பொறுத்துக்குங்க."

முறையை 'டச்'சுக்கே மாற்றினாள். பிடிவாதமானதேயாயினும் அது வஞ்சகமில்லாதது. பாட்டை ஓடவிட்டாள். முதல் வரியில் பிந்தினாள். இரண்டாம் வரியில் பம்பை இடித்தது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் தவறியது. அன்புசெல்வி முந்தானை நுனியை முறுக்கத் தொடங்கினாள்.

அப்போது மேசைமேல் டொக்கென்று ஒரு தட்டு. அடுத்த கணம் ஒலிபெருக்கியில் குரல் எழுந்தது. மீண்டும் ஒரு தட்டு, மீண்டும் குரல். எந்த இடத்தில் மூச்செடுத்தோம், எங்கே பம்பைக்காரனை ஏய்த்தோம் என்பதெல்லாம் பாடியவரின் கைக்கு மறந்திருக்கவில்லை. வினோதா சட்டென்று நிறுத்தினாள்.

"யக்கா, அப்படியே தட்டுங்க. கை மேல தூக்குனா நான் ஏத்தறேன். எறக்குனா எறக்கறேன். சரியா?"

அஞ்சலாட்சியம்மாள் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். கை உயர்ந்தது.

*கடலுக்குப் போன மாப்புள்ள கரையில நின்னு வலவிட்டாரு,*
*வலய இழுத்துப் பாத்தாக்கா வழுக்கி வுழுந்த செருப்பிருக்கு!*

ஒரு சொல் சிந்தவில்லை. கை தாழப் பம்பை வந்தது. கை எழப் பம்பை ஒதுங்கி வழிவிட்டது. ஒருத்தி குரலில்லாமல் பாடினாள், மற்றவள் விரலால் பாடினாள் என்றுதான் ஆனந்தராஜுக்குத் தோன்றியது. எத்தனையோ கல்யாணங்களைப் படம் பிடித்தவன். அந்நேரம் கேமரா கையருகே இருந்தும் அதைத் தொட அவனுக்கு மனம் வரவில்லை.

கடைசி வரி முடிந்தது. நேற்று வினோதா இவ்விடத்தில்தான் விரலை எடுத்துவிட்டிருந்தாள். பாட்டு முடிந்தபின் பம்பைக்கு இடம் கொடுப்பதுதானே முறை? ஆனால் அஞ்சலாட்சியம்மாளின் கை தாழவில்லை. ஆகவே இவளும் விரலை எடுக்கவில்லை.

ஒலிபெருக்கியில் ஒரு நீண்ட சிரிப்பு. பிறகு, பாயிலிருந்து எழும் வளையோசையினூடே, அவ்வளவு நாளும் யார் காதிலும் விழாத அந்தக் குரல்: "ஏ அன்பு, காலையிலேர்ந்து ஒண்ணுந் திங்கலயேடி. ஒரு வாயி சோறு கொண்டாரவா?"

அன்புசெல்வி முறுக்கிக்கொண்டிருந்த முந்தானையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்து, "கொண்டாம்மா" என்றாள்.

அஞ்சலாட்சியம்மாளின் கை இன்னும் மேலேயே நின்றது. வினோதாவின் விரல்நகம் வெளுக்குமளவிற்கு மௌஸின்மேல் அழுந்தியிருந்தது. திரையில் பம்பைக்காரர்கள் இருவரும் முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, தம் வலிமையெல்லாம் கூட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் அவர்கள் ஓசை வரவில்லை.