வட்டமாகப் போட்ட கையெழுத்து

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. அவிசாவளை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாகலிங்கம் சொன்னது. தெஹியோவிட்டவுக்கு அப்பால், றப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சமூகக் கல்லூரியில் வயரிங் வேலை படிப்பிப்பவர். ஊழியர் சங்கத்தின் செயலாளர். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எழுதுங்க. ஆனா என்னைய நல்லவனா எழுதிறாதீங்க."

அது எவ்வளவு சிரமமான வேலை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு பேரின் வேலை..."

வேண்டாம். அந்தச் சப்ரகமுவ மாகாணத்தில் மழை ஒரு செய்தியா? நேராகவே சொல்கிறேன். பிள்ளைகளின் தொகை குறைந்துவிட்டது, ஆறு பேரை நிறுத்தப்போகிறோம் என்றது நிர்வாகம். அந்த ஆறில் நாகலிங்கமும் ஒருவர். சங்கம் கூடி, எதிர்த்து மனுக் கொடுப்பதென்று முடிவு செய்தது.

யார் முதலில் கையெழுத்துப் போடுவது? முதல் பெயருக்குத்தானே முதல் அடி. நாகலிங்கத்தின் அப்பா காலத்தில், துரைக்கு மனுக் கொடுக்க அவர்கள் தோட்டத்தில் ஒரு வழி வைத்திருந்தார்களாம்: தாளில் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கையெழுத்து. எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியே செய்வோம் என்றார்கள் சங்கத்தின் பதினேழு பேரும். கல்லூரிக் கம்ப்யூட்டரில் அடித்தால் மாட்டிக்கொள்வோம், கையாலேயே எழுதுவோம் என்றும் தீர்மானித்தார்கள். அவ்வளவு கவனம்.

பிறகு, வழக்கம்போல, வெள்ளைத் தாளைச் சுகந்தினியிடம் நீட்டினார்கள்.

3

சுகந்தினி அங்கே சிங்களம் படிப்பிக்கும் ஆசிரியை. ஆட்குறைப்புப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

(பக்கக் குறிப்பு: பொலிஸ் முறைப்பாடோ, பிறப்புச் சான்றிதழில் பிழையோ, சிங்களத்தில் கடிதம் என்றால் சுற்றுவட்டாரத் தோட்ட லயங்களில் குடியிருக்கும் எல்லாரும் அவளிடம்தான் போவார்கள். கல்லூரி அறிவித்தல் பலகையும் அவள் எழுத்துத்தான்.)

"டீச்சர், சிங்களத்துல நீங்களே எழுதிட்டீங்கன்னா நல்லாயிருக்கும்."

"சரி சேர், தாங்க. மத்தியானத்துக்குள்ள முடிச்சிர்றேன்."

எழுதினாள். வட்டத்தில் பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கல்லூரிப் பணிப்பாளருக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது; பலகையில் தினமும் பார்க்கிற எழுத்து.

மூன்றாம் நாள் அவர் நாகலிங்கத்தைக் கூப்பிட்டார். ஆறு பேரும் வேலையில் இருக்கலாம். மனுவை எழுதியவர் போகவேண்டும். அதற்குச் சம்மதம் என்று சங்கம் எழுதித் தரவேண்டும் என்றார்.

4

இந்த இடத்தில் நாகலிங்கத்தை நாற்காலியை விட்டு எழுப்பினேன். "அது நடக்காது" என்று அவர்...

[அடித்துவிட்டேன். அவர் எழவில்லை. சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று சிங்களத்தில் பணிவாகச் சொல்லிவிட்டு வந்தார்.]

கோழையாகவும் எழுதிப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை. ஆறு பேரில் ஒருத்தி புருஷனை இழந்தவள். இன்னொருவரின் மகன் சிறுநீரக நோயாளி. அவர்களை நினைத்து நாகலிங்கம் சரியாகச் சாப்பிடவில்லை. இப்படித்தான் நான் எழுதப்போகிறேன் என்று அறிந்தவர்போல பஸ்ஸிலேயே அவர் சொல்லிவிட்டார்:

"ஆறு பேருக்காகன்னுதான் சொல்லிக்கிட்டேன். அந்த ஆறுல நானும் ஒருத்தன்ங்கிறத மறந்துட்ட மாதிரியே இருந்தேன்."

அதை அப்படியே எழுதிவிட்டேன். மறைப்பானேன்.

5

சங்கம் கூடியது. சுகந்தினிக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உறுப்பினர் என்பதால் அவளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாகலிங்கம் ஜன்னலைப் பார்த்தபடி விஷயத்தைச் சொல்லி முடித்தார். சம்மதிக்கிறவர்கள் கை தூக்கவேண்டும் என்றார். கைகள் எழுமுன் சுகந்தினிதான் பேசினாள், கோபமே இல்லாமல்:

"சேர், அந்தச் சம்மதக் கடிதம் சிங்களத்துலதானே குடுக்கணும். அதையும் நான்தான் எழுதணுமா?"

6

முடிவு, ஒன்று: ஒரு கையும் எழவில்லை, ஏழு பேருக்கும் வேலை போயிற்று. எழுதிப் படித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு, இரண்டு: சுகந்தினி தானாகவே எழுந்து, "நான் போறேன் சேர்" என்று... இது எல்லாருக்கும் வசதி, எனக்கும் சேர்த்து. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

நடந்தது என்ன? கேட்டேன். நாகலிங்கம் பையை எடுத்துக்கொண்டு, தான் இறங்கவேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு தரிப்பிடம் இருக்கும்போதே இறங்கிவிட்டார்.

ஆகவே வாசிக்கிற நீங்கள் வாருங்கள். முன்வரிசையில் உட்காருங்கள். உங்கள் அம்மாவின் ஆஸ்பத்திரிக் கடிதத்தை எழுதித் தந்தவள் சுகந்தினிதான். அந்த ஆறு பேரில் நீங்களும் ஒருவர். கேள்வி கேட்டுவிட்டு அவள் உங்கள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைகளை எண்ணுவதற்கு நாகலிங்கம் இப்போது ஜன்னலிலிருந்து திரும்புகிறார்.