இடது தோள்

சின்னவள் காலையிலிருந்து அந்த விண்ணப்பத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். 'தொழில் செய்பவர் பெயர்' என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு. இன்றுதான் கடைசி நாள்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் அவளும் பெரியவளும். எட்டு வருஷமாகப் பெரியவள் துணி வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். மூன்றாவது மாடியில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு மெஷின். படியேற மூச்சு வாங்குகிறது என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அந்த நேரத்தில்தான் நகராட்சி, சிறு தொழில்காரர்களுக்குச் சந்தை வாசலில் அறைகள் கட்டி, ஒரு வருஷம் வாடகையில்லாமல் தருவதாக அறிவித்தது. கிடைத்தால் தொழில் பிழைக்கும். இல்லையென்றால் மெஷினை மூடிவைக்க வேண்டியதுதான்.

ஆனால் அறை ஒருவர் பெயருக்குத்தான். அந்த ஒருவர், வெட்டுவது முதல் பொத்தான் வைப்பது வரை தானே செய்த சட்டை ஒன்றைக் காட்ட வேண்டும்.

"உன் பேரையே போட்டுடு," என்றாள் பெரியவள் போன வாரம். "நான் மெஷின் மிதிச்சா கால் ஒரு ஊருக்குப் போகும், கை ஒரு ஊருக்குப் போகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது மனசாரச் சிரித்ததா, குத்தலா என்று சின்னவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. வாரம் முழுக்கக் கத்தரியும் மெஷினும்தான் பேசிக்கொண்டன.

நேற்று மத்தியானம் பெரியவள் வெளியே போயிருந்தபோது, சின்னவள் டேப்பை வைத்து இரண்டிரண்டு தடவை அளந்து, தானே ஒரு சட்டை வெட்டினாள். தைத்துப் பார்த்தால் இடது தோள் அரை விரல் குறைந்தது. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் அதே அரை விரல். குழம்பிப்போய், பெரியவள் வெட்டி வைத்திருந்த துண்டுகளை எடுத்து அளந்தாள். எல்லாவற்றிலும் இடது தோள் அரை விரல் அதிகம். பிள்ளைகள் சட்டையில்கூட.

அப்போதுதான் விளங்கியது. தைக்கும்போது அவள் கை இடது பக்கத் துணியை இழுக்கிறது. அது தெரிந்தேதான் பெரியவள் கூடுதலாக விட்டு வெட்டியிருக்கிறாள். தையல் நேர்த்தி என்று இத்தனை வருஷம் ஊர் புகழ்ந்ததெல்லாம் அப்படியானால் யாருடையது? கோபப்படுவதா, கும்பிடுவதா?

இன்று விண்ணப்பத்தை வாங்கிப்போக நகராட்சியின் திட்ட அதிகாரி அம்மாள் மூச்சு வாங்க மேலே வந்தார். சின்னவள் நேற்றுத் தைத்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாக இருக்கிறது, பெயரை எழுதுங்கள் என்றார். பெரியவளின் கண் மட்டும் இடது தோளிலேயே நின்றது.

"அக்கா, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உன் கை தயங்கும்," என்றாள் பெரியவள். தோள் தையலை விரலால் நீவிவிட்டு, "முதல்ல நீ புதுசுன்னு கூடுதலா விட்டு வெட்டினேன். அப்புறம் எனக்கே மறந்துபோச்சு," என்றாள்.

இரண்டில் எது நிஜம் என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அதிகாரியிடம், சட்டை தப்பு என்றாள்.

"நான் சரிங்கிறேன், நீங்க தப்புங்கிறீங்க. இப்படி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லம்மா."

சின்னவள் அந்த ஒற்றைக் கோட்டின்மேல் பெரியவள் பெயரை எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் நெருக்கி எழுதினாள். கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

"கைக்கு வந்ததைத் தட்டிவிடுறியேடி," என்றாள் பெரியவள்.

இது நிற்குமா என்று தனக்குத் தெரியாது, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி தாளை மடித்துக்கொண்டு இறங்கினார். செருப்புச் சத்தம் கீழ்ப்படி வரை கேட்டது. தான் செய்தது நியாயமா கிறுக்கா என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு பெரியவள் ஒரு புதுத் துணியை விரித்துச் சாக்கட்டியை எடுத்தாள். தோளுக்கு வந்ததும் கை நின்றது.

"எவ்வளவு விடட்டும்?"

எட்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் அளவு அது. சின்னவள் தன் இடது கையைப் பார்த்தாள். விஷயம் தெரிந்துவிட்ட கை இனி இழுக்குமா, இழுக்காதா?

"தெரியலக்கா."